பஞ்சக் கூலியும் பட்டா நம்பரும்

போன மாசம் மகளைப் பார்க்க மயிலாப்பூர் போயிருந்தேன். திருமயிலை ரயில் நிலையத்துக்குக் கீழே கறுப்பா ஒரு தண்ணி நின்னுச்சு. "இது என்னம்மா, சாக்கடையா?"ன்னு கேட்டேன். "பக்கிங்காம் கால்வாய்ப்பா" என்றாள்.

நண்பர்களே, அந்தக் கால்வாயில் நம்ம ஆளுங்க வேர்வை கலந்திருக்கு. 1876–78ல் தாது வருஷப் பஞ்சம். வானம் பொய்த்து, வித்து நெல்லையும் தின்னுட்டு, சனங்க கூட்டம் கூட்டமாகப் பட்டணம் நோக்கி நடந்தாங்க. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் அப்போதான், 1877–78ல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேரை வெச்சாங்க.

கூலி எவ்வளவு? 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைகளுக்கு ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி குறைத்து வைத்த கணக்கு: ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், மேல ஓர் அணா. அரைக் கிலோகூட இல்லை. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அது எந்த மூலைக்கு? மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்ட பிறகுதான் கொஞ்சம் கூட்டினாங்க.

பஞ்சம் முடிஞ்சதும் அரசு யோசிச்சது. 1883லும் 1884லும் சட்டம் போட்டு, கிணறு வெட்டவும் மாடு, விதை வாங்கவும் தக்காவிக் கடன் கொடுத்தாங்க. கடன்தான், மானியம் இல்லை. அதுக்கப்புறம் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, விவசாயி கந்துவட்டியிலிருந்து தப்ப என்ன வழின்னு பெரிய அறிக்கை எழுதினார். 1904ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது; அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் பதிவாச்சு. அதே நிக்கல்சன்தான் 1907ல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடி போட்டவர். வயலுக்கும் கடலுக்கும் ஒரே ஆள் கவலைப்பட்டிருக்கார் பாருங்க.

திருப்பித் தர வேண்டாத உதவி நம்ம காலத்துக் கதை. 1990ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம். 2001ல் மீன்பிடித் தடைக்காலம் 45 நாள். 2017லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களுக்கான நிவாரணம் படிப்படியா ஏறி, குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதா 2023ல் அறிவிச்சாங்க. 2019ல் பி.எம். கிசான், வருஷத்துக்கு 6,000, மூணு தவணை.

மறுநாள் காலையில பெசன்ட் நகர் ஊரூர் குப்பம் பக்கம் நடந்தேன். வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு தம்பிகிட்ட பேச்சுக் கொடுத்தேன். "பணம் வருதுண்ணே. ஆனா கல்யாணம் ஆகித் தனியா வந்து ரெண்டு வருஷமாச்சு, கார்டு இன்னும் அப்பாவோடதான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே பணம்" என்றான்.

எனக்கு சிரிப்பும் வந்தது, வலியும் வந்தது. நான் உழுவது அஞ்சு ஏக்கர். மூணு குத்தகை, அதுக்கு எந்தக் காலத்திலும் கிசான் பணம் கிடையாது, நிலம் யார் பேர்லயோ அவங்களுக்குத்தான். சொந்த ரெண்டு ஏக்கருக்கும் பட்டா தாத்தா பேரில். ஆபீசுக்கு நாலு நடை நடந்தாச்சு. "வாரிசுங்க எல்லாரும் வரணும்"ங்கறாங்க. சித்தப்பா மகன் துபாயில்.

கால்வாய் வெட்டின அந்தப் பஞ்சத்துல மண்வெட்டியோட வந்து நின்னவனுக்குக் கூலி கிடைச்சது. உயிர் நிக்க அது பத்தல, அந்தக் காலம் வேண்டாம் சாமி. ஆனா கை உழைச்சதா என்பதுதான் அன்னைக்குக் கணக்கு. இன்னைக்குக் கணக்கு காகிதத்துல.

மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தி.நகர் உண்டாச்சு. ஏரி போச்சு, 'லேக் வியூ ரோடு' என்ற பேர் மட்டும் நிக்குது. பட்டாவுல தாத்தா பேர் நிக்கிற மாதிரி.

அதனால ஒரு வேலை செய்யுங்க. உங்க நிலம் யார் பேர்ல இருக்குன்னு இந்த வாரமே பாருங்க. 1.2.2019க்குப் பிறகு வாங்கின நிலத்துக்குக் கிசான் பணம் இல்லை. நிலத்துக்காரர் இறந்து வாரிசு வழி வந்ததுக்கு உண்டு. இறந்தவங்க பேர்ல இருந்தா தள்ளிப்போடாம மாத்திடுங்க. நானும் துபாய்க்கு போன் போட்டுட்டேன், பொங்கலுக்கு வர்றானாம்.