தழும்பு கீழிறங்கிய கதை

அடிவயிற்றை இறுக்கும் ‘டம்மி டக்’ அறுவை சிகிச்சை இன்று அழகு நிலைய விளம்பரங்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்திருக்கிறது. பிறந்தபோது அதற்கும் அழகுக்கும் தொடர்பில்லை. தொங்கும் வயிற்றின் பாரத்தால் நடக்கவே சிரமப்பட்டவர்களுக்காக, மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணான தோலுக்காகப் பிறந்தது அது.

1890-இல் டெமார்ஸ், மார்க்ஸ் என்ற இருவர் பிரான்சில் இதைச் செய்ததாகப் பதிவு உண்டு. பரவலாகப் பேசப்பட்டது 1899-இல் பால்டிமோரில் நடந்ததுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி, மிகப் பருத்த ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து தோலும் கொழுப்புமாக ஏழு கிலோவுக்கு மேல் வெட்டியெடுத்தார். வயிற்றின் குறுக்கே நீண்ட வெட்டு. தொப்புளும் அதோடு போயிற்று. பாரம் இறங்கியதே போதும் என்றிருந்த காலம்.

தொப்புளைக் காப்பாற்றும் முயற்சி 1905-இல் பாரிஸில் தொடங்கியது. அதற்கு நல்ல வழி கிடைத்தது 1957-இல். வெர்னன் என்ற மருத்துவர், தொப்புளை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தோலை மேல்வரை பிரித்தார். கீழே இழுத்துத் தைத்து, தொப்புள் வெளியே வரப் புதிதாக ஒரு துளை இட்டார். முழு வயிற்றுச் சிகிச்சையில் இன்றும் நடப்பது இதுதான்.

தழும்பு கீழே இறங்கியது பிரேசிலில். 1946-இல் வந்த பிகினி ரியோ கடற்கரைகளில் சகஜமாகிவிட்ட பிறகு, நடுவயிற்றுத் தழும்பை எங்கே மறைப்பது? 1960-களில் காலியா என்ற மருத்துவர் தொடை இடுக்கின் மடிப்பை ஒட்டி வெட்டினார். 300 பேருக்குச் செய்த அனுபவத்தை இன்னொரு பிரேசில் மருத்துவர் இவோ பிட்டாங்கி 1967-இல் வெளியிட்ட பிறகு, தாழ்ந்த வெட்டு உலகெங்கும் பரவியது. தோலை மட்டுமின்றித் தசையின் உறையையும் இவர்கள் இறுக்கினார்கள். பிள்ளைப்பேற்றில் வயிற்றின் நேர்த்தசைகள் இரண்டும் விலகிவிடுகின்றன. தொளதொளத்த ரவிக்கையைத் தையல்காரர் உள்ளே பிடித்துத் தைப்பதுபோல் அந்த இடைவெளியைத் தைத்து மூடுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு வரும் வலியில் பெரும்பங்கு இந்தத் தையலால்தான்.

1970-களின் இறுதியில் பாரிஸில் இலூஸ் என்ற மருத்துவர் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். சிறிய வெட்டே போதும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. 1980-களில் வந்த ‘மினி டம்மி டக்’ தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்ந்தவர்களுக்கானது. தழும்பு சிறியது, பெரும்பாலும் தொப்புளைத் தொடுவதில்லை. சிசேரியன் தழும்பு இருந்தால் அதன் வழியாகவே வெட்டலாம். ஆனால், மேல்வயிறும் தளர்ந்தவருக்கு இதைச் செய்தால் கீழே தட்டையாகி மேலே புடைத்து நிற்கும். எனக்கு ஏற்றது எது, ஏன் என்பது மருத்துவரிடம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி. செலவு குறைவு என்பது அதற்குப் பதிலாகாது.

வெட்டு சிறியதானாலும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைதான். தோல் இழுபடுவதால் முதல் சில நாள்கள் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும். உள்ளே சுரக்கும் நீரை வடிக்கக் குழாய் வைக்கலாம். வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட்டைச் சில வாரங்களுக்கு அணிய வேண்டும். தசையைத் தைத்திருந்தால் ஏறக்குறைய ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் இதற்கு முன்கூட்டியே ஆள் பார்த்துவைக்க வேண்டும். அடிவயிற்றில் மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். தழும்பு மங்க ஓராண்டாவது ஆகும், அடியோடு மறையாது.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அதனால்தான் வலித்தாலும் சீக்கிரமே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். புகைப்பவர்களுக்குத் தையல் ஓரத்துத் தோல் செத்துப்போகக்கூடும். பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். எடை குறைக்கும் வழியாக இதை நம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எடை சில மாதங்களாவது ஒரே அளவில் நின்ற பிறகே செய்வது நல்லது. இன்னொரு குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் அதுவரை பொறுத்திருக்கலாம்; அடுத்த கர்ப்பத்தில் தைத்த தசை மறுபடியும் விரியக்கூடும்.