திறமூலத் தீச்சுவர் வன்பொருள்

திறமூலத் தீச்சுவர் வன்பொருள் என்பது, வீடு, பள்ளி, சிறு அலுவலகம் போன்ற இடங்களின் கணினி வலையமைப்பை இணையத்திலிருந்து பிரித்துக் காக்கும் தீச்சுவர் (ஃபயர்வால்) மென்பொருளை இயக்கப் பயன்படும் சிறு கணினி ஆகும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஐபிஃபயர், ஓப்பன்டபிள்யூஆர்டி முதலியன இத்தகைய மென்பொருள்களுள் சில. இவை கட்டணமின்றிக் கிடைப்பதால் செலவின் பெரும்பகுதி வன்பொருளையே சார்ந்துள்ளது. வாங்கும் விலை மட்டுமன்றி, மின்செலவும், பாதுகாப்பு இற்றைகள் கிடைக்கும் காலமும் சேர்ந்தே ஒரு கருவி மலிவானதா என்பதை முடிவு செய்கின்றன.

வரலாறு

தொடக்கத்தில் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட மேசைக் கணினிகளே தீச்சுவர்களாக மாற்றப்பட்டன. 2003 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவேல் காஸ்பர் மோனோவால் என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட இது 16 மெகாபைட்டு நினைவட்டையில் அடங்கியது. 64 மெகாபைட்டு நினைவகத்துடன் இயங்கியது. அமைப்புகள் அனைத்தும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் சேமிக்கப்பட்டன. சோக்ரிஸ் நிறுவனத்தின் நெட்4501 போன்ற, 133 மெகாஹெர்ட்சு செயலியும் மூன்று பிணைய இணைப்புகளும் கொண்ட சிறு பலகைகள் இதற்குப் போதுமானவையாக இருந்தன.

2004 இல் மோனோவாலிலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. பிஎஃப்சென்சிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸ் 2015 சனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் மோனோவால் திட்டம் நிறைவுற்றது.

தெரிவு செய்யும் முறை

பிணைய இணைப்புகள்

தீச்சுவருக்குப் பொதுவாக இரண்டு பிணைய இணைப்புகள் தேவை. ஒன்று இணையத்தின் பக்கமும், மற்றது உள் வலையமைப்பின் பக்கமும் இணைக்கப்படும். ஒரே இணைப்புள்ள கணினியையும், மெய்நிகர் வலையமைப்புகளை (விலான்) ஆதரிக்கும் நிலைமாற்றி ஒன்றின் துணையுடன் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நிலைமாற்றியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபிரீபிஎஸ்டி சார்ந்த மென்பொருள்களுக்கு, நெடுங்காலமாக நல்ல இயக்கிகள் உள்ள இன்டெல் பிணைய அட்டைகள் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

செயலி

இணைய இணைப்பின் வேகமே செயலியின் தேவையைத் தீர்மானிக்கின்றது. பொட்டலங்களை விதிகளுடன் ஒப்பிட்டு அனுப்புவது மட்டுமே பணியாயின், எளிய செயலியே போதும். மறையீட்டுத் தடம் (விபிஎன்) அமைத்தால் தேவை கூடுகின்றது. ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள் உள்ள செயலி, ஏஇஎஸ் முறையிலான மறையீட்டை விரைவாகச் செய்யும். வயர்கார்டு வேறு மறையீட்டு முறையைக் கையாள்வதால் இக்கட்டளைகளால் அதற்குப் பயனில்லை. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள் செயலிக்கும் நினைவகத்துக்கும் பெரும் சுமையாகும்.

நினைவகம்

தீச்சுவர் தன் வழியே செல்லும் ஒவ்வோர் இணைப்பின் நிலையையும் நினைவில் வைத்திருக்கின்றது. பிஎஃப்சென்சில் ஒரு நிலைக்கு ஏறத்தாழ 1 கிலோபைட்டு தேவைப்படுகின்றது. எனவே 1,00,000 நிலைகளுக்கும் 100 மெகாபைட்டு அளவே வேண்டும். சிறு வலையமைப்புகளில் நினைவகத்தைப் பெரிதும் பயன்படுத்துபவை கூடுதல் சேவைகளே.

மின்செலவு

தீச்சுவர் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்குவது. 60 வாட்டு எடுக்கும் பழைய மேசைக் கணினி ஓராண்டில் ஏறத்தாழ 525 அலகு (யூனிட்) மின்சாரத்தைப் பயன்படுத்தும். 10 வாட்டு எடுக்கும் சிறு கணினிக்கு 88 அலகு போதும். ஆண்டுக்கு 437 அலகு வேறுபாட்டை உள்ளூர் மின்கட்டணத்தால் பெருக்கினால், விலையின்றிக் கிடைத்த கணினி எத்தனை ஆண்டுகளில் புதிய கருவியின் விலையை விழுங்கிவிடும் என்பது தெரியவரும். வாங்குவதற்கு முன் மின்னளவியால் உண்மையான நுகர்வை அளப்பது நல்லது. சிறு கருவிக்குத் தடையிலா மின்வழங்கியும் (யுபிஎஸ்) சிறியதாக இருந்தால் போதும்.

வன்பொருள் வகைகள்

- பழைய மேசைக் கணினி: எளிதில் கிடைக்கும், அட்டைகளை மாற்றலாம். மின்நுகர்வும் இரைச்சலும் அதிகம்.
- பயன்படுத்தப்பட்ட சிறுமுனையம் (தின் கிளையண்ட்): குறைந்த மின்சாரத்தில் இயங்கும், பலவற்றில் விசிறி இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரே பிணைய இணைப்பே உண்டு. கூடுதல் அட்டை செருகும் இடம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
- தனிப்பலகைக் கணினி: சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனத்தின் அலிக்ஸ், ஏபியு2 பலகைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை.
- வீட்டுத் திசைவி: ஓப்பன்டபிள்யூஆர்டி நிறுவப்பட்ட திசைவி பெரும்பாலும் மிகக் குறைந்த செலவுள்ள வழியாகும். ஒரே பெயரில் விற்கப்படும் திசைவியின் பதிப்புகளுக்கிடையே வேறுபாடு இருக்கலாம். லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி திசைவியின் 5 ஆம் பதிப்பில் நினைவகம் குறைக்கப்பட்டதால், முந்தைய பதிப்புகளுக்கான மென்பொருள் அதில் இயங்கவில்லை.

ஆதரவுக் காலம்

பழுதின்றி இயங்கும் கருவியும் பாதுகாப்பற்றதாகிவிடக்கூடும். 500 மெகாஹெர்ட்சு 32-பிட்டுச் செயலி கொண்ட அலிக்ஸ் பலகைகளில் பிஎஃப்சென்ஸ் பல்லாண்டுகள் இயங்கியது. 2017 அக்டோபரில் வெளியான அதன் 2.4 ஆம் பதிப்பு 32-பிட்டு செயலிகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. பலகைகள் நல்ல நிலையில் இருந்தும், அவற்றுக்குப் புதிய பதிப்புகள் கிடைக்கவில்லை. இதேபோல் 2021 இல் வெளியான ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 பதிப்பு, குறைந்தது 8 மெகாபைட்டுச் சேமிப்பகமும் 64 மெகாபைட்டு நினைவகமும் தேவை என வரையறுத்தது.

இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளும் கருவியில் அறியப்பட்ட வழு திருத்தப்படாமல் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள கணினிகள் அனைத்தும் இடருக்குள்ளாகும். ஆகவே குறைந்த விலைக் கருவியைத் தெரிவு செய்வோர், முதலில் மென்பொருளைத் தீர்மானித்து, அதன் நடப்புப் பதிப்பு ஆதரிக்கும் வன்பொருள்களுள் விலை குறைந்ததைத் தேடுவதே பொருத்தமான வரிசையாகும். 64-பிட்டுச் செயலியும், தேவைக்குச் சற்றுக் கூடுதலான நினைவகமும் கருவியின் பயன்காலத்தை நீட்டிக்க உதவும்.