விதவையர் நிதியின் வரலாறு

தன் வாழ்நாள் எத்துணை நீளும் என்பதை அறிந்த மனிதன் எவனும் இல்லை. பிற்காலத்துக்கெனப் பொருள் சேர்க்க முற்படுவோர் யாவரும் இவ்விடத்திலேயே தடுமாறுகின்றனர். நெடுநாள் வாழ்வோம் என்று எண்ணி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர் விரைவில் மறைகின்றார். நாளைய கவலை நமக்கேன் என்று செலவிட்டவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து பிறர் கையை எதிர்பார்க்கின்றார். எவ்வளவு சேர்த்தாற் போதும் என்ற வினாவுக்குத் தனி மனிதனிடம் விடை இல்லை. பலர் ஒன்றுகூடினால் அதற்கு விடை உண்டு என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய நிகழ்ச்சியொன்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து நாட்டில் நடைபெற்றது.

அந்நாட்டுத் திருச்சபையின் போதகர்கள் இல்லறத்தார். அவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்த குருமனை சபைக்குரியது; அவர்களுக்குச் சொந்தமானதன்று. போதகர் இறந்தால் அடுத்து வருபவருக்கு அம்மனையை விட்டுக் கொடுத்தல் வேண்டும். ஆகவே கணவனை இழந்த பெண் அதனுடன் வீட்டையும் வருவாயையும் இழந்தாள். அக்காலச் சட்டம் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அரையாண்டுச் சம்பளத்தை அளித்தது. அதன் பின்னர்? உறவினரின் இரக்கமே வழி. ஊராரின் மதிப்புக்குரியவளாக நேற்றுவரை வாழ்ந்தவள் இன்று அவ்வூராரின் தருமத்தை நாடி நிற்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற எடின்பரோ நகரப் போதகர் இருவர் முன்வந்தனர். ஒருவர் றொபேட் வலஸ். கணிதத்திலும் தத்துவத்திலும் ஈடுபாடுடையவர். மற்றவர் அலெக்சாந்தர் வெப்ஸ்ரர்; பெயர் பெற்ற பிரசங்கியார். திருச்சபைக்குள் இருவரும் ஒரே சாராரைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் இவ்விடயத்தில் ஒரே மனத்தினராயினர். விதவை பெறுவது பிச்சையாக இருத்தலாகாது, உரிமையாக இருத்தல் வேண்டும் என்பதே அவர்களின் துணிபு. உரிமையாக வேண்டுமாயின் அதற்குரிய பணத்தைக் கணவன் உயிரோடிருக்கும்போதே கட்டி வைத்தல் வேண்டும். எவ்வளவு கட்டுவது? நல்லெண்ணம் மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை கூற இயலாது.

எனவே அவர்கள் முதலில் எண்ணத் தொடங்கினர். நாடெங்குமுள்ள சபை வட்டாரங்களுக்கு வெப்ஸ்ரர் கடிதங்கள் அனுப்பினார். ஆண்டுதோறும் இறந்த போதகர் எத்தனை பேர், அவர்களுள் மனைவியை விட்டுச் சென்றோர் எத்தனை பேர், தாயுமற்ற பிள்ளைகளை விட்டுச் சென்றோர் எத்தனை பேர் என்றெல்லாம் வினவினார். வந்த விடைகளைத் தொகுத்தபோது ஓர் ஒழுங்கு புலனாயிற்று. எக்காலத்திலும் நாட்டில் ஏறத்தாழ 930 போதகர்கள் இருந்தனர். அவர்களுள் சராசரியாக ஆண்டொன்றுக்கு 27 பேர் இறந்தனர். அந்த 27 பேரில் 18 பேர் விதவைகளை விட்டுச் சென்றனர். ஐவர் மனைவியின்றிப் பிள்ளைகளை மட்டும் விட்டுச் சென்றனர்.

இதற்கு முன்னரே வானநூலறிஞர் எட்மண்ட் ஹலி என்பார் 1693ஆம் ஆண்டில் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டிருந்தார். பிரெஸ்லோ நகரத்துப் போதகர் காஸ்பர் நொய்மன் தொகுத்த பிறப்பு இறப்புக் குறிப்புகளைக் கொண்டு அவர் அதனை ஆக்கினார். அவ்வட்டவணையின்படி இருபது வயதில் உயிரோடிருப்போர் 598 பேராயின், அறுபது வயதை எட்டுவோர் 242 பேர் மட்டுமே. அந்த 242 பேர் யாவர் என்பதை எவராலும் கூற முடியாது. எத்தனை பேர் என்பதை மட்டும் ஓரளவு கூறலாம். ஓய்வூதியத்தின் கணக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கின்றது.

அதற்கு முன் பலவிடங்களில் எழுந்த உதவிச் சங்கங்கள் அவ்வாண்டு வரும் சந்தாப் பணத்தை அவ்வாண்டே பகிர்ந்தளித்தன. தொடக்கத்தில் விதவைகள் சிலராக இருக்கும். பணம் தாராளமாகத் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல விதவைகள் தொகை பெருகும், பணம் போதாது, வாக்குறுதி பொய்க்கும். வலசும் வெப்ஸ்ரரும் வேறு வழி சென்றனர். கட்டப்படும் பணத்தில் ஒரு பகுதியை மூலதனமாகத் திரட்டி, வட்டிக்கு விட்டு, அவ்வருவாயையும் பிற்காலக் கொடுப்பனவுக்குத் துணையாக்கினர். பாராளுமன்றச் சட்டத்தின் துணையோடு இந்நிதி 1744ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

நிதியிற் சேர்வோர் நான்கு படிகளுள் ஒன்றைத் தெரிந்து கொள்ளலாம். ஆண்டுக்கு 2 பவுண் 12 சிலிங் 6 பென்ஸ் கட்டியவரின் மனைவிக்கு, அவர் இறந்தபின் ஆண்டுதோறும் 10 பவுண் கிடைக்கும். 6 பவுண் 11 சிலிங் 3 பென்ஸ் கட்டியவரின் மனைவிக்கு 25 பவுண் கிடைக்கும். திருச்சபைப் போதகரோடு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் இத்திட்டத்தில் இடம்பெற்றனர்.

கணக்கைச் சரிபார்க்கும் பணி எடின்பரோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கொலின் மக்லோரினிடம் ஒப்படைக்கப்பட்டது. நியூற்றனின் பாராட்டைப் பெற்ற அப்பேரறிஞர் எண்களை ஆராய்ந்து திருத்தங்கள் கூறினார். போதகர் கூட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பர் என்று கணக்குப் பார்த்த அவர், 1746ஆம் ஆண்டில், நாற்பத்தெட்டாவது வயதில், மனைவியையும் மக்களையும் விட்டு இறந்தார். நூற்றுக்கணக்கானோரின் ஆயுளை அளந்த கணிதத்தால் அவருடைய ஆயுளை அளந்து கூற இயலவில்லை. அத்தகைய திட்டம் ஏன் தேவை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிதியின் மூலதனம் 1765ஆம் ஆண்டில் 58,348 பவுண் ஆகும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு உண்மையில் இருந்த தொகை 58,347 பவுண் என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். வேறுபாடு ஒரேயொரு பவுண்! எண்ணும் பழக்கம் வெப்ஸ்ரரை விட்டகலவில்லை. 1755ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் மக்கள் தொகையை முதன்முதலாக மதிப்பிட்டவரும் அவரே.

இத்தத்துவம் இலங்கைக்கும் புதியதன்று. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தருக்கென விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தை ஒழுங்கு செய்தது. ஆண் உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு பகுதி அதற்கெனக் கழிக்கப்பட்டது. பெண்களும் பெருந்தொகையினராக அரசாங்க சேவையில் அமர்ந்த பின்னர், 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் மனைவியை இழந்த கணவருக்கும் அத்தகைய உரிமையை வழங்கியது. சம்பளச் சீட்டில் இக்கழிவைக் காணும் இளைஞர் சிலர் அதனை நட்டமெனக் கருதுவதுண்டு. நெடுங்காலம் கட்டிப் பயனொன்றும் பெறாதவர், தம் துணையோடு நீடு வாழ்ந்தவரே. அதனை நட்டமென்று எவர் கூறுவார்?

தனியார் துறையினருக்கென 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி வேறு வகையினது. அதில் ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு உண்டு. தொழிலாளியும் முதலாளியும் கட்டிய பணம் வட்டியோடு, ஓய்வுபெறும் வயதில் ஒரே தொகையாகக் கைக்கு வருகின்றது. அது பெரும் நன்மையே. ஆனால் எவ்வளவு காலத்துக்கு அத்தொகை போதும் என்ற பழைய வினா, தொகையோடு சேர்ந்து அவர் கைக்கே திரும்பி வருகின்றது. மகளின் சீதனம், மகனின் படிப்பு, வீட்டின் மேல்வேலை என்று செலவுகள் வாசலில் வரிசையாய் நிற்கும்போது, இருபது ஆண்டுகளின் சோறும் மருந்தும் அத்தொகையினுள் அடங்கியிருத்தலை நினைவில் வைத்தல் எளிதன்று. அதனை மாதங்களாலும் ஆண்டுகளாலும் வகுத்துப் பார்த்தல், பணம் கைக்கு வருமுன்னரே செய்ய வேண்டிய கணக்காகும்.

எடின்பரோப் போதகர் இருவரும் மறுமையைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். இறைவன் பார்த்துக்கொள்வான் என்று கூறி அவர்கள் வாளாவிருந்திருக்கலாம். அவ்வாறிராது, தம் தோழர்களின் மரணங்களை ஒவ்வொன்றாக எண்ணி, வரவையும் செலவையும் எழுதி, தாம் காணப் போகாத காலத்துக்கும் வழி செய்தனர். நம்பிக்கையும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதனை அவர்கள் செயல் உணர்த்துகின்றது.