தண்டுவடமும் நடைபயிற்றும் யந்திரமும்

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் சந்நிதியில், நோய் தீர வேண்டி அமாவாசையன்று திருக்குளத்தில் வெல்லம் கரைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அவ்வூர் வழியாகவே 1856-ஆம் ஆண்டு, ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் பயணியர் இரயில் ஓடிற்று. பின்னாளில் அப்பாதை மேற்கே காட்பாடிக்கும் அப்பாலும் நீண்டது. தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப்போனவரைத் திண்ணையில் கிடத்திவிட்டுத் தெய்வத்தை நோக்கியிருப்பதன்றி வேறு மார்க்கமும் உண்டென்பது மெய்ப்பிக்கப்பட்டது அந்த மேற்குத் திசையில், வேலூரில்தான்.

அதை மெய்ப்பித்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தாமே தண்டுவடம் சிதைந்து, கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்தவர். பெர்த்திலும் நியூயார்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே ஒரு துறையை ஏற்று நடத்தியவர். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அத்துறைக்குத் தனி நிலையமும் எழுந்தது.

அக்காலத்துச் சிகிச்சையில் அற்புதம் எதுவும் இல்லை. முதல் உலக யுத்தத்தில் தண்டுவடம் அடிபட்ட வீரரில் பெரும்பாலோரைக் கொன்றவை குண்டுகளல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. எனவே இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்துவதும், மூத்திரப்பையைப் பேணுவதும், தோள்களுக்கு வலுவேற்றி, காலிப்பர் என்னும் கால்தாங்கி மாட்டி, இரு கம்பிகளுக்கிடையே நிறுத்துவதுமே வைத்தியமாயிருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் 1948-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை அம்பெய்யும் போட்டிக்கு அழைத்ததும் வெறும் விநோதத்திற்காக அன்று. உடலின் பெருந்தசைகள் கால்களில் இருக்க, அவை ஓய்ந்தபின் இருதயத்திற்கு வேலை கொடுக்கக் கைகளும் தோள்களுமன்றி வேறென்ன உண்டு?

யந்திரம் வந்தது வெகு பிற்பாடு. தண்டுவடம் அறுபட்ட பூனையும் ஓடும் பட்டையின்மீது நிறுத்தினால் பயிற்சியால் கால்களை மாற்றி மாற்றி வைக்கிறது என்னும் ஆராய்ச்சியைப் பின்பற்றி, நோயாளியைக் கச்சையிட்டு மேலிருந்து தொங்கவிட்டு, இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் இருபுறமும் குந்தியமர்ந்து அவர் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தனர். சில நிமிஷங்களில் அவர்கள் முதுகு ஓய்ந்துவிடும். அவ்விருவர் வேலையை இடுப்பிலும் முழங்காலிலும் பொருத்திய மோட்டார்களிடம் ஒப்படைத்ததே, 2000-ஆம் ஆண்டையொட்டி ஸூரிச் நகரில் உருவான 'லோகோமாட்'. நம் நாட்டில், மலக்குழிக்குள் மனிதன் இறங்காதிருக்க 'பேண்டிகூட்' என்னும் யந்திரம் செய்த திருவனந்தபுரத்து ஜென்ரோபோடிக்ஸ் இளைஞர்களே பின்னர் 'ஜி-கெய்ட்டர்' என்னும் நடைப்பயிற்சி யந்திரத்தையும் செய்தனர். எனக்கு இவ்விரண்டும் ஒரே சிந்தையின் இரு கிளைகளாகத் தோன்றுகின்றன.

ஆயினும், நடைப்பயிற்சி யந்திரம் கைப்பயிற்சியினும் மிக்க பலன் தருமென்று அறுதியிட்டுரைக்க ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரால் இயலவில்லை. தண்டுவடத்தில் சிறிதேனும் இழை எஞ்சியோர்க்கே நடை மீளும் வாய்ப்பு மிகுதி. முற்றிலும் அறுந்தோர்க்கு அது நிமிர்ந்து நிற்கும் ஒரு தேகாப்பியாசமே. அதனை இழிவாகக் கருதுவது பேதைமை.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், இரும்புருட்டு ஆலைகளும் உயர்ந்த கூரைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ஏணியினின்றும் தகரக்கூரையினின்றும் விழுவது தொழிலோடு பிறந்த அபாயம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குட்பட்டு, முற்றிலும் உழைப்பாற்றல் இழந்தவருக்குக் கூலியில் 90 சதவிகிதம் வரை ஆயுள் உதவித்தொகை உண்டு. ஏட்டில் பெயரேறாத ஒப்பந்தக் கூலிக்கோ, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவனுக்கோ அது எட்டாக் கனி. அத்தகையோர் ஊர்ச்சாலையில் வெளிச்செல்ல வகை தேடுமிடத்து, சென்னை ஐ.ஐ.டி.யார் 2019-இல் வெளியிட்ட, அமர்ந்தவரை எழுந்து நிற்கச் செய்யும் 'அரைஸ்' நாற்காலியும், பின்னர் 'நியோமோஷன்' நிறுவனம் தந்த, சக்கர நாற்காலியின் முன்னே பூட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும் 'நியோபோல்ட்' மோட்டாரும், பெருவிலை பெறும் நடை யந்திரத்திற்கு முன்னதாகவே வாங்கத்தக்கவை என்பது என் துணிபு.