கரும்பலகை விலையும் கொள்முதல் விலையும்

விளைவிப்பவருக்கும் கட்டுப்படியாக வேண்டும், வாங்குபவருக்கும் கையைக் கடிக்கக்கூடாது. திருத்தணி வட்டாரத்தில் இதற்கு அரசு வைத்திருக்கும் வழிகள் இரண்டு: காய்கறிக்கு உழவர் சந்தை, நெல்லுக்குக் கொள்முதல் நிலையமும் ரேஷன் கடையும்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திரா இதே போன்ற ரைத்து பஜாரைத் திறந்திருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து கத்தரிக்காய் கொண்டுவருபவரிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்க வேண்டும். நிலத்தைப் பார்த்த பிறகுதான் அதைத் தருவார்கள். கடைக்கு வாடகையில்லை, தராசும் இலவசம். விடிந்ததும் கரும்பலகையில் அன்றைய விலை ஏறிவிடும்: மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல், சில்லறைக் கடையைவிட 15 சதவீதம் குறைவு. தரகு போனதாலேயே இரண்டு பக்கமும் லாபம். அரசுக்குப் பெரிய செலவில்லை.

நெல்லின் கதை வேறு. இங்கே இடைவெளியை அரசே பணம் கொடுத்து அடைக்கிறது. 2025–26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி தேறும். ஆலைக்கூலி, வண்டிக்கூலி சேராமலே கிலோ 37 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்த அரிசி ரேஷனில் 2011 ஜூன் முதல் இலவசம். களத்தில் மூட்டைகள் காத்துக் கிடப்பதும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று திருப்பி அனுப்புவதும் தீராத குறைகள்தான். ஆனாலும் விதைக்கும்போதே விலை தெரிகிறது. உழவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

கத்தரி, தக்காளி போடுபவருக்கு அந்த நிம்மதி கிடையாது. மொத்த விலை சரிந்தால் கரும்பலகை விலையும் கூடவே சரியும். மூன்று ரூபாய் தக்காளிக்கு 20 சதவீதம் கூட்டினால் பறிகூலிக்குக் காணுமா? 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியதும் சென்னை ரேஷன் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. செய்ய வேண்டிய வேலைதான். விலை விழும்போதும் அதே வேகத்தில் அரசு வர வேண்டும் என்பதே என் வாதம். சந்தையைக் குறைத்துச் சொல்லவில்லை. தரகை ஒழிக்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. அதன் அடியில் ஒரு தரைவிலை வேண்டும், அவ்வளவே.

கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது. தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் பறிக்காமல் வயலிலேயே விட்டு உழுதுபோடும் நிலை வராமல் தடுக்க அது போதும்.