உலக்கையைக் கீழே வைத்தவர்கள்

கோவில்பட்டி வட்டாரத்தில் கம்பும் குதிரைவாலியும் ஏன் அடுப்பை விட்டுப் போயின என்று கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, மழை பொய்த்தது. இன்னொன்று, பொம்பளைகளுக்கு உடம்பு வளையவில்லை. முதல் பதிலை மழைக்கணக்கு வைத்துச் சோதிக்கலாம். இரண்டாவதை இதுவரை யாரும் சோதித்ததில்லை. உள்ளூர் உணவை மீட்போம் என்று பேசுகிறவர்களின் மேடைகளிலும் அது நாசூக்கான சொற்களில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது: பாட்டிகள் குத்தினார்கள், அம்மாக்கள் விட்டுவிட்டார்கள்.

குத்துவது என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றின் மணியில் கெட்டியான உமி கிடையாது. குதிரைவாலி, வரகு, சாமை, தினை அப்படியல்ல. காயவைத்து, திரிகையில் உமி உடைத்து, சுளகில் புடைத்து, உரலில் இட்டுத் தவிடு போகக் குத்தி, மறுபடி புடைத்து, கல் அரித்த பிறகே உலையில் போட முடியும். கம்புக்கும் சலுகை இல்லை. தண்ணீர் தெளித்துக் குத்த வேண்டும், புடைத்து மறுபடி இடிக்க வேண்டும், குருணையும் மாவும் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்மஞ்சோறு. தூசியின் சுனை கழுத்திலும் கையிலும் அரிக்கும். ஈர மாவு தங்காது என்பதால் இத்தனையும் அன்றாடம் நடந்தாக வேண்டிய வேலை. காட்டுக்குப் போகும் முன்பும், காட்டிலிருந்து வந்த பின்பும்.

இந்த உழைப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. பருத்திக்கு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) லங்காஷயர் ஆலைகளைப் பஞ்சில்லாமல் தவிக்கவிட்டபோது கரிசல் மண்ணின் பருத்திக்கு விலை ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் கோவில்பட்டி வழியாக ரயில் வந்தது. தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1901இல் கோவில்பட்டியில் அரசு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது. கருங்கண்ணிப் பருத்தியைப் பற்றி எழுதிக் குவித்த காகிதங்களோடு ஒப்பிட்டால், பருத்தி எடுத்த கைகளைப் பற்றி எழுதியது சொற்பம். பருத்திக்கு ஊடே பாசியும் உளுந்தும் போட்டு வீட்டுப் பானையைக் காத்தவர்களும், விதையைச் சாம்பலில் புரட்டிக் குலுக்கையில் சேமித்தவர்களும் பெரும்பாலும் அதே கைகளுக்குச் சொந்தக்காரர்கள்தான்.

அடுத்த திருப்பம் தீப்பெட்டி. 1920களில் சிவகாசியில் வேர்பிடித்த அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. பெட்டி ஒட்டும் வேலை திண்ணைக்கே வந்தது. கூலி குறைவு, ரசாயனம் ஆபத்து, சிறுமிகளும் அதில் சிக்கினார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டால் விஷயம் வேறாகத் தெரியும். உலக்கை கேட்பதும் தீப்பெட்டி கேட்பதும் அவளுடைய அதே நேரத்தைத்தான். தீப்பெட்டி சில்லறையாவது தந்தது, உலக்கை அதையும் தரவில்லை.

பிறகு ரேஷன் அரிசி. 1967 தேர்தலில் 'ரூபாய்க்குப் படி அரிசி' என்ற வாக்குறுதி எழுந்தது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லா அரிசியானது. மானாவாரிக் கரிசலில் நெற்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. அன்றாடம் நெற்சோறு உண்பது நிலமுள்ள சாதிகளின் அடையாளம். தானியக் கூலியை முந்தானையில் வாங்கிவந்து, இருட்டில் குத்தி, இருட்டிலேயே சமைத்த தலித் பெண்ணுக்கு ரேஷன் அரிசி ஓய்வு தந்தது. அவமானம் ஒன்றையும் துடைத்தது. ரேஷன் அரிசியால் உணவுப் பண்பாடு அழிந்தது என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. சத்து குறைந்தது உண்மை. தரிசாய்ப் போன புஞ்சையில் சீமைக்கருவேலம் ஏறியதும் உண்மை. அந்த நஷ்டத்துக்கு உலக்கையைக் கீழே வைத்தவளைக் குற்றவாளியாக்குவதை மட்டும் ஏற்க முடியாது.

விவசாயிகள் இயக்கமும் அவளைக் கண்டதாகத் தெரியவில்லை. நாராயணசாமி நாயுடு 1984இல் காலமானது கோவில்பட்டியில்தான். அவர் நடத்திய போராட்டங்களில் முன்னால் நின்றவை பம்புசெட் மின்கட்டணமும் கடனும். ஐப்பசி மழையை நம்பிக் குதிரைவாலி விதைத்தவளிடம் பம்புசெட்டும் இல்லை, பட்டாவும் இல்லை. பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989இலேயே வந்துவிட்டது. ஆனால் 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே தருகிறது. களை எடுத்தவள் அந்த வரையறைக்குள் விவசாயி அல்ல.

இப்போது காற்று திசைமாறியிருக்கிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஏழையின் கஞ்சி சர்க்கரை நோயாளியின் பொட்டலமாக, அரிசியைவிடக் கூடுதல் விலையில் அலமாரி ஏறியிருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். குறியீடு ஊரின் பெயரைக் காக்கும், பொட்டலம் மடிக்கும் பெண்ணின் கூலியைப் பற்றி அது ஒன்றும் பேசாது.

ஆகவே உள்ளூர் விளைச்சலைத் தேடிப் போகும் தோழிகள் 'ரசாயனம் போட்டதா?' என்பதோடு நிறுத்த வேண்டாம். உமி நீக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அது ஊருக்கு அருகில் இல்லையென்றால் விளைந்த மணி உமியோடு வியாபாரிக்குப் போகும், லாபம் தொலைவில் உள்ள ஆலைக்குப் போகும், விதைத்தவள் ரேஷன் கடைக்குப் போவாள். இயந்திரம் மகளிர் குழுவின் பெயரில் இருந்தால் அதன் வரவு செலவை எழுதுவது யார் என்றும் விசாரியுங்கள். 1994இல் தொடங்கிய 'தமிழ்நாடு விமன்ஸ் கலெக்டிவ்', நிலமற்ற பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு நிலம் எடுத்து, முதலில் தங்கள் வீட்டுக்கும் மிச்சத்தைச் சந்தைக்கும் சிறுதானியம் விளைவிக்கும் வழியைக் காட்டியது. முதலில் தங்கள் வீட்டுக்கு என்ற அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. விற்பதற்கு மட்டும் விளைத்தால் குதிரைவாலியும் இன்னொரு பருத்தியாகிவிடும்.

வாங்குவதற்கு நல்ல காலம் தை, மாசி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது அப்போதுதான் களத்துக்கு வரும். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, குதிரைவாலி எல்லாம் புதிதாகக் கிடைக்கும். குண்டு வற்றலுக்கு விளாத்திகுளம் பக்கம் போக வேண்டும். வெள்ளைவெளேர் என்றிருக்கும் குதிரைவாலியில் தவிடு போயிருக்கும், லேசான பழுப்பு நிறமே நல்லது. தவிடு நீக்காத தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். வீட்டில் அதை ஊறவைத்துச் சமைக்கும் வேலை மறுபடி ஒருத்தியின் தலையில் மட்டும் விழுகிறதா என்றும் கவனியுங்கள்.