ஆசிரியர் கல்வி நிறுவனங்கள்: அங்கீகாரமும் தரமதிப்பீடும் (இந்தியா)

பி.எட். முதலிய ஆசிரியர் கல்விப் படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் பெற வேண்டிய சட்ட அனுமதி, அவற்றின் தரத்தை வெளியார் அளந்து தரும் சான்று, அவை தம்மைப் பற்றிக் காட்ட வேண்டிய கணக்கு ஆகிய மூன்றும் இத்தலைப்பில் அடங்கும். அனுமதியைத் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.). தரச்சான்று தருவது பெங்களூரில் உள்ள தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு (நாக்). தமிழில் இரண்டுக்கும் ‘அங்கீகாரம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். சேர்க்கை விளம்பரங்களுக்கு இந்தக் குழப்பம் வசதிதான். இங்கே முன்னது அங்கீகாரம், பின்னது தரமதிப்பீடு.

தொடக்க வரலாறு

இந்தியாவின் முதல் ஆசிரியப் பயிற்சிக்கூடம் 1716இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஏற்படுத்தியது. ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் அப்போது தனிப் பயிற்சி கிடையாது. சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனே பின்னாளில் வாத்தியார் ஆனான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவனைக் கொண்டு இளையவனுக்குக் கற்பிக்கும் இம்முறையைக் கைக்கொண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். கடன் நம்முடையது என்பதை அப்பெயர் சொல்கிறது.

கணக்குக் காட்டும் வழக்கம் இந்தியக் கல்வி பற்றிய 1854ஆம் ஆண்டு உட் அறிக்கையோடு வந்தது. மானியம் தரும் அரசு, அதைப் பெறும் பள்ளியைச் சோதிக்க இன்ஸ்பெக்டர்களை அனுப்பியது. சென்னை மாகாணத்தின் முதல் பொதுக்கல்வி இயக்குநர் அலெக்சாண்டர் அர்பத்நாட் காலம் தொட்டு ஆண்டறிக்கைகள் அச்சாயின. 1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி, அதாவது ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, தொடங்கியது. இதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1882இல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க நாட்டில் இதைத் தவிர லாகூரில் மட்டுமே நிறுவனம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆசிரியப் பயிற்சிக்குத் தந்த எல்.டி. பட்டம் பி.டி. ஆகி, பிறகு பி.எட். ஆனது. பட்டம் மாறியும், பள்ளிக்கூட வழக்கில் ‘பி.டி. அசிஸ்டென்ட்’ இன்னும் மாறவில்லை.

சட்டமும் நடைமுறையும்

1973இல் ஆலோசனை அமைப்பாகத் தோன்றிய என்.சி.டி.இ., 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்று, 1995 ஆகஸ்டு 17இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் 14ஆம் பிரிவு அங்கீகாரம் பற்றியது. அது இல்லாத கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் இணைப்புத் தரக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. 17ஆம் பிரிவின்படி அங்கீகாரத்தைப் பறிக்கலாம். ஆனால் ஆணை கிடைத்ததற்கு அடுத்த கல்வியாண்டின் முடிவில்தான் அது செயலுக்கு வரும். அதன் பின் அங்கே நடத்தும் படிப்பில் பெறும் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது.

தனியார் கல்லூரிகள் பெருகிய வேகத்துக்கு என்.சி.டி.இ.யின் ஆய்வுக் குழுக்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கட்டடம் பார்த்தார்கள், வகுப்பு நடக்கிறதா என்று பார்க்கவில்லை. மகாராஷ்டிரக் கல்லூரிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து வந்த 2014 விதிகள் பி.எட். படிப்பை 2 ஆண்டாக்கின; ஆய்வை வீடியோவில் பதிவு செய்யவும் கட்டளையிட்டன.

நாக் 1994இல் தோன்றியது. ஆசிரியர் கல்விக் கல்லூரிகளை மதிப்பிட 2002இல் என்.சி.டி.இ.யுடன் உடன்பாடு செய்துகொண்டது. கல்லூரி முதலில் தன்னாய்வு அறிக்கை தர வேண்டும். 7 அளவுகோல்களில் மதிப்பெண் இட்டுத் தரக்குறி வழங்கப்படும். தன்னைப் பற்றித் தானே எழுதும் அறிக்கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய நிலை

தமிழ்நாட்டு பி.எட். கல்லூரிகள் 2008இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. கல்லூரிகளிடமிருந்து செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையை என்.சி.டி.இ. இணையவழி கேட்டுப் பெறுகிறது. 2021-22, 2022-23 ஆகிய இரு ஆண்டுகளுக்கான அறிக்கைகளை 2024இல் சேர்த்துக் கேட்டது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பையே ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியாக்கச் சொல்கிறது.